காடிக்கிண்ணம்

முதல் படத்தில் சாவி விழுந்திருந்தது.
இடுப்பில் செருகியதை எடுக்க மறந்துவிட்டார்
வீராம்பட்டினம் செங்கழுநீர், வயது நாற்பத்தாறு,
பெரிய மார்க்கெட்டில்
ஐஸ் உருகிய தரையில் வழுக்கி
இடப்பக்கமாக விழுந்தவர்.
எலும்பைவிட வெள்ளையாக,
பல்லெல்லாம் எண்ணும்படி
ஒரு பூட்டுச் சாவி.

சின்னச் சாவி என்றுதான்
காறை எலும்புக்கு லத்தீனில் பெயர்.
அது தோளுக்குப் பக்கத்தில் இருப்பது.
இது வீட்டுச் சாவி.
வாங்கி என் மேசைமேல் வைத்தேன்.

"மூச்சை அடக்குங்க."
வலியில் துண்டு துண்டாக வந்த மூச்சை
அவர் ஒரு நொடி பிடித்துக் காட்டினார்.
போதும் அது.

தொடையெலும்பின் உருண்டைத் தலை
உட்கார்ந்திருக்கும் குழியில்
மயிரிழையாய் ஒரு கோடு.
டாக்டர் மர்சலின் எட்டிப் பார்த்து
"அசெட்டாபுலம்" என்றார்.
அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

"யாரு தம்பி அது?"

ஆள் இல்லை என்றேன்.
டிப்ளமோ படிக்கையில்
ராத்திரி முழுக்க உருப்போட்ட வார்த்தை.
அசெட்டும் என்றால் காடி.
அபுலம், அதை ஊற்றி வைக்கிற ஏனம்.
ரோமாபுரிக்காரன் சாப்பாட்டு மேசையில்
ரொட்டியைத் தோய்த்துத் தின்ன
ஒரு குட்டிக் கிண்ணம்.
எலும்பைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தவன்
பசியோடு இருந்திருக்க வேண்டும்.
இடுப்பு மொத்தத்துக்கும் பேசின் என்று வைத்தான்.
முழங்கால் சில்லுக்குக் குட்டித் தட்டு.
அடுக்களையை விட்டு
அவன் வெளியே வந்ததாகவே தெரியவில்லை.

"காடியா?
அப்ப புளிச்சுப் போச்சுன்னு சொல்லு."
சிரித்ததில் இடுப்பு குலுங்க
அம்மா என்று கத்தினார்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு
பந்துக்கிண்ண மூட்டு என்று சொல்லித் தந்தார்கள்.
கிண்ணத்தை வைத்துக்கொண்டு
காடியைக் கொட்டிவிட்டது தமிழ்.
எங்கே கொட்டியது என்று
நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் வரத் தாமதம்.
இன்னொன்றும் சொன்னேன்:
பேய்க்கணவாயின் கையில்
வரிசையாய் ஒட்டிக்கொள்ளும் வட்டங்கள் இருக்குமே,
அதற்கும் லத்தீனில் இதே பெயர்.

இதற்கு மட்டும் அவர் முகம் மாறியது.
தெரிந்த சரக்கு.
"அது புடிச்சா வுடாது தம்பி.
ஒவ்வொண்ணா உரிச்சு எடுக்கணும்.
முத்தம் குடுக்குற மாதிரி சத்தம் வரும்."
கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்திருந்தார்.
"எம்மேல இருக்கிறது மட்டும் ஏன் வுட்டுச்சு?"

விடவில்லை, விரிசல்தான்,
ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றேன்.
"ஆறு வாரமா? ஆடித் தேர் வருதே."
யார் மாற்றுவது தேர்த் தேதியை.

பிறகு அவராகவே:
அரிக்கமேட்டில் மழைக்குப் பின்னால் போனால்
ஓட்டுச்சில்லு தட்டுப்படும்.
முழுசாய் ஒன்று கிடைத்ததாம் போன வருசம்,
கழுவிக் கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறாராம்.
எவ்வளவு பெரிசு என்று கேட்டேன்.
உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார்.
நான் அந்தக் கையைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன்,
வாயை மூடிக்கொண்டேன்.
அது அந்தக் காலத்துக் கிண்ணமாகவும் இருக்கலாம்,
ஊறுகாய்ச் சாடியின் மூடியாகவும் இருக்கலாம்.
எனக்குத் தெரிந்தது எலும்பு மட்டும்.

வார்டுக்குத் தள்ளிப் போனார்கள்.
மேசைமேல் சாவி அப்படியே கிடந்தது,
எடுத்து முகர்ந்தால் வஞ்சிர வாசம்.

ராத்திரி பதினொன்றுக்கு அவர் மகன் வந்தான்,
ஈரச் சட்டை, ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
கோழி உள்ளே அடைபட்டிருக்கிறதாம்.
சாவியை வாங்கிக்கொண்டு,
"கிண்ணத்துல தண்ணி தீந்திருக்கும் சார்"
என்று ஓடினான்.